துருப்புச் சீட்டின் கதை: டாரோ அட்டைகளும் குறியீட்டு வாசிப்பும்

அரசியல் மேடையிலும் நாளிதழ்த் தலைப்பிலும் ஓயாது புழங்கும் சொற்களுள் ஒன்று ‘துருப்புச் சீட்டு’ என்பது. துருப்பு என்பதற்குப் படை என்னும் பொருளும் வழக்கில் இருத்தலால், படைவீரனைப் போல் முன்னின்று வெட்டும் சீட்டு ஆதலின் அப்பெயர் பெற்றது போலும் எனப் பலரும் எண்ணுவர். அவ்வாறன்று. படையைக் குறிக்கும் துருப்பு வேறு. சீட்டாட்டத் துருப்பு வேறு. பின்னது ஐரோப்பியர் வழியாக நம்மிடம் வந்து சேர்ந்தது. அதன் வேரைத் தேடிப் பின்னோக்கிச் சென்றால், பதினைந்தாம் நூற்றாண்டின் வட இத்தாலியில் ‘திரியோன்ஃபி’ என வழங்கிய ஒரு சொல்லில் சென்று நிற்போம். வெற்றி உலாக்கள் என்பது அதன் பொருள். இன்று குறி சொல்வோரின் மேசைமீது விரிக்கப்படும் டாரோ அட்டைகளுக்கு முதன்முதலில் இடப்பட்ட பெயரும் அதுவே.

இவ்வட்டைகளைப் பற்றி இம்மலரில் எழுத நான் முன்வந்ததற்கு ஒரு காரணம் உண்டு. ஆறு ஆண்டுகளுக்கு முன் நம் வட்டத்தின் திங்கள் கூட்டம் ஒன்றில் டி. எஸ். எலியட்டின் ‘பாழ்நிலம்’ பற்றி உரையாற்றினேன். அந்நெடும்பாட்டில் வரும் குறிகாரியின் சீட்டுக்கட்டை விளக்க முற்பட்டபோது, டாரோ அட்டைகள் பண்டைய எகிப்தியக் கோயில்களில் தோன்றியவை என்றும், பூசகர்களின் மறைஞானம் படங்களாக மாறி நாடோடிகள் கைவழியே ஐரோப்பாவை அடைந்தது என்றும் சிறிதும் ஐயமின்றிக் கூறினேன். ஒரு கையேட்டில் படித்ததை மறுமுறை நோக்காது மொழிந்தேன் என்பதே உண்மை. அவ்வுரையைக் கேட்ட இளங்கவிஞர் ஒருவர் அடுத்த கூட்டத்திலேயே நைல் ஆற்று மணலில் சீட்டு விரிக்கும் முதியவள் ஒருத்தியைப் பற்றி ஒரு கவிதை படித்தார். நல்ல கவிதை, அவையோர் இருமுறை படிக்கச் சொல்லிக் கேட்டனர். நான் கூறிய வரலாறுதான் பிழையானது. அப்பிழையைத் திருத்தும் கடன் எனக்கு உண்டு.

சீட்டுகள் ஐரோப்பாவுக்கு வந்த காலத்தை ஓரளவு துல்லியமாகவே கூற இயலும். 1377ஆம் ஆண்டில் ஃபுளோரன்சு நகர ஆட்சியாளர் சீட்டாட்டத்துக்குத் தடை விதித்தனர். தங்கள் நகரில் புதிதாகப் புகுந்த ஆட்டம் என்றே அதனைக் குறித்தனர். அது புகுந்த திசை, இசுலாமிய உலகம். எகிப்தையும் சிரியாவையும் ஆண்ட மம்லூக் சுல்தான்களின் காலத்துக் கையெழுத்து ஓவியச் சீட்டுக்கட்டு ஒன்று இசுதான்புல்லின் தோப்காப்பி அரண்மனையில் உள்ளது. கிண்ணம், காசு, வாள், போலோ ஆட்டக் கோல் என்னும் நான்கு இனங்கள் அதில் உள்ளன. இத்தாலியரும் இந்நான்கையும் அப்படியே ஏற்றனர். ஆயினும் போலோ ஆட்டத்தை அறியாதவர் ஆதலின், கோலை வெறுந்தடியாக வரைந்துவிட்டனர். டாரோவின் வரலாறு நெடுகிலும் இத்தகைய பிறழ்வாசிப்பு தொடர்ந்து வருவதைக் காணலாம். இது அவற்றுள் முதலாவது. (நம் வீடுகளில் ‘இஸ்பேடு’ என்று சொல்லும்போது, நாம் அறியாமலே இத்தாலிய வாளைத்தான் சொல்கிறோம், ஆங்கிலத்தில் அவ்வினத்துக்கு வழங்கும் பெயர், வாளைக் குறிக்கும் இத்தாலியச் சொல்லிலிருந்து வந்தது.)

எனவே எகிப்து இக்கதையில் இல்லாமல் இல்லை. ஆனால் அது பிரமிடுகளின் எகிப்து அன்று. பதினான்காம் நூற்றாண்டுச் சுல்தான்களின் எகிப்து. அங்கிருந்து வந்தவையும் மறைஞானப் படங்கள் அல்ல. அச்சீட்டுகளில் மனித உருவமே கிடையாது. பூவேலையும் எழுத்தணியும் மட்டுமே உண்டு.

இந்நான்கு இனச் சீட்டுகளோடு இத்தாலியர் ஐந்தாவதாக ஒரு படவரிசையைச் சேர்த்ததே டாரோவின் பிறப்பு. 1440ஆம் ஆண்டு செப்டம்பர் 16ஆம் நாள், ஃபுளோரன்சில் இருந்த பத்திர எழுத்தர் ஒருவர் சிகிசுமொந்தோ மலதெசுதா என்னும் படைத்தலைவனுக்குப் பரிசளிக்கத் ‘திரியோன்ஃபி’ கட்டு ஒன்று வாங்கியதைத் தம் நாட்குறிப்பில் எழுதி வைத்துள்ளார். இன்று நமக்குக் கிட்டும் மிகப் பழைய சான்று அதுதான். 1442இல் ஃபெராரா நகரத்து எசுதே குடியினரின் கணக்கேட்டில், அத்தகைய நான்கு கட்டுகள் தீட்டியதற்காக ஓவியர் ஒருவருக்குக் கூலி கொடுத்த செய்தி உள்ளது. சமயமோ சோதிடமோ இச்சான்றுகளில் இல்லை. நாட்குறிப்பும் கணக்கேடுமே உள்ளன. வரலாற்று மாணவர்க்கு இவற்றினும் நம்பகமான துணை வேறில்லை.

பின்னர் நிலைபெற்ற அமைப்பில் ஓர் இனத்துக்குப் பதினான்காக 56 சீட்டுகள், அவற்றோடு 22 படச்சீட்டுகள், ஆக 78. இப்படச்சீட்டுகளே வெற்றி உலாக்கள். ஏனைய இனங்களை இவை வெட்டும்; இவற்றுக்குள்ளும் ஒன்றை ஒன்று வெட்டும். பேரரசனைப் போப்பாண்டவர் வெல்வார். காதல் அவரையும் வெல்லும். இறப்பு இவர்கள் அனைவரையும் வெல்லும். இறுதித் தீர்ப்பு நாளின் வானவன் இறப்பையும் வெல்வான். இவ்வமைப்பைக் கண்டவுடன் பெத்ரார்க்காவின் ‘திரியோன்ஃபி’ என்னும் தொடர்பாட்டு நினைவுக்கு வரும். காதலின் உலாவைக் கற்பின் உலாவும், கற்பினதை இறப்பின் உலாவும், இறப்பினதைப் புகழின் உலாவும், புகழினதைக் காலத்தின் உலாவும், காலத்தினதை நித்தியத்தின் உலாவும் வென்று மேற்செல்வதாக அமைந்த நூல் அது. சீட்டின் படங்கள் அப்பாட்டிலிருந்தே எடுக்கப்பட்டவை என்று உறுதி கூற இயலாது. பல படங்களுக்கு அதில் இடமில்லை. எனினும் இரண்டும் ஒரே காலத்தின் ஒரே மனப்பாங்கில் முளைத்தவை என்பதில் ஐயமில்லை. நம் உலா இலக்கியத்தில் தலைவன் பவனி வருவான். பேதை முதல் பேரிளம்பெண் ஈறாக எழுவரும் அவனிடம் தோற்பர். இத்தாலிய உலாவிலோ பவனி வருபவனே அடுத்த தெருமுனையில் தோற்றுப்போவான்.

இன்று எஞ்சியுள்ள பழங்கட்டுகளுள் மிகுபுகழ் பெற்றது ‘விசுகோந்தி–சுஃபோர்சா’ கட்டு எனப்படுவது. மிலான் கோமகன் பிரான்செசுகோ சுஃபோர்சாவுக்காக 1450ஐ ஒட்டித் தீட்டப்பெற்றது. வரைந்தவர் பொனிஃபாசியோ பெம்போ என்று பெரும்பாலோர் கொள்வர். பொற்றகட்டுப் பின்னணியில் வண்ணம் தீட்டிய இச்சீட்டுகளுள் 74 எஞ்சியுள்ளன. 35 நியூயார்க்கின் மார்கன் நூலகத்திலும், 26 இத்தாலியின் பெர்கமோ நகரத்துக் கர்ராரா கலைக்கூடத்திலும், எஞ்சிய 13 தனியார் குடும்பம் ஒன்றிடமும் உள்ளன. பேய், கோபுரம் ஆகிய இரு படச்சீட்டுகளும், வாள் மூன்றும், காசுக் குதிரைவீரனும் இல்லை. பேயும் கோபுரமும் காணாமற்போனதற்கு உட்பொருள் கற்பித்து எழுதியோர் பலர். வாள் மூன்றும் காசுக் குதிரைவீரனும் ஏன் போயின என்று அவர்கள் கேட்டதில்லை.

இக்கட்டின் படச்சீட்டுகளில் எண்ணும் இல்லை, பெயரும் இல்லை என்பது கருதத்தக்கது. எது எதை வெட்டும் என்பதை ஆடுவோர் மனத்திற்கொண்டே ஆடினர். படத்தைக் கண்டமட்டில் அதன் பெயரும் தரமும் நினைவில் எழ வேண்டும். அக்காலத்து மிலான் நகரத்தார்க்கு அது அரிதாக இருந்திருக்க முடியாது. கோயிற்சுவரிலும் திருவிழா ஊர்வலத்திலும் அவர்கள் கண்டு பழகிய உருவங்களே அவை. நமக்கு அச்சுவர்கள் இல்லை. படம் மட்டும் தனித்து நிற்கிறது. தனித்து நிற்கும் படம் எதையோ மறைத்து வைத்திருப்பதாகத் தோன்றுகிறது. டாரோவின் குறியீடுகளைப் பயில்வதில் உள்ள தீராக் கவர்ச்சிக்கு முதற்காரணம் இத்தனிமையே என்பது என் கருத்து.

சில சீட்டுகளைச் சற்று நின்று நோக்குவோம்.

ஊழின் சக்கரம்: நடுவில் கண் கட்டப்பட்ட ஊழ்த்தெய்வம், சக்கரத்தைச் சுற்றி நான்கு மாந்தர். ஏறுபவன் ‘ஆள்வேன்’ என்கிறான். உச்சியில் அமர்ந்தவன் ‘ஆள்கிறேன்’ என்கிறான். இறங்குபவன் ‘ஆண்டேன்’ என்கிறான். அடியில் கிடக்கும் முதியவன் ‘ஆட்சியின்றி இருக்கிறேன்’ என்கிறான். இந்நான்கு தொடர்களும் இலத்தீனில் ஏட்டுச்சுருள்களில் எழுதப்பட்டுள்ளன. இடைக்கால ஐரோப்பா முழுதும் அறிந்த மரபுத்தொடர்கள் அவை. மூன்று காலமும் ஒரே வினைச்சொல்லில் சுழன்று வர, நான்காமவனிடத்து அவ்வினை கழன்று, இருத்தல் மட்டும் எஞ்சுகிறது. வகுப்பில் வினைமுற்று நடத்தும்போதெல்லாம் எனக்கு இம்முதியவன் நினைவு வருவதுண்டு.

துறவி: இன்று எல்லாக் கட்டுகளிலும் விளக்கேந்திய முதியவராகக் காணப்படுபவர். தன்னுள் ஒளி தேடுபவர், இருளில் வழிகாட்டுபவர் என்றெல்லாம் இவருக்கு விரிவுரை உண்டு. சுஃபோர்சா கட்டில் இதே முதியவர் கையில் இருப்பது விளக்கு அன்று, மணற்கடிகை. அவர் துறவியும் அல்லர். காலம் என்னும் கிழவர். மரக்கட்டையில் செதுக்கிச் செதுக்கி அச்சிட்டபோது கடிகை மங்கி விளக்காயிற்று, காலம் துறவியாயிற்று. செதுக்குபவனின் கைப்பிழை ஒன்று ஐந்நூறு ஆண்டுத் தத்துவத்துக்கு வித்தாக அமைந்தது! ஏடெழுதுவோரின் பிழையால் பாடபேதம் தோன்றி, அப்பேதத்துக்கும் உரையாசிரியர் நயம் கூறுவதைக் கண்டு பழகிய நமக்கு இது வியப்பளிக்க வேண்டுவதில்லை.

தொங்குபவன்: ஒற்றைக் காலில் தலைகீழாகக் கட்டித் தொங்கவிடப்பட்ட இளைஞன். முகத்தில் வேதனை இல்லை. தன்னையே பலியிடும் தெய்வம், உலகைத் தலைகீழாய்க் காணும் ஞானி என்று பிற்காலத்தார் இவனை வாழ்த்தினர். பதினைந்தாம் நூற்றாண்டு இத்தாலியர் இவனுக்கு வைத்த பெயர் ‘துரோகி’. அந்நாட்டு நகரங்களில் பழியோவியம் என்றொரு தண்டனை இருந்தது. துரோகம் இழைத்துத் தப்பியோடியவனின் உருவத்தை அரசு மாளிகைச் சுவரில் தலைகீழாகத் தொங்குவதாய் வரைந்து, ஊரார் அனைவரும் காணச் செய்வர். ஃபுளோரன்சில் 1440இல் அந்திரேயா தெல் கசுதாஞோ இவ்வகையில் வரைந்து, ‘தூக்கிலிடப்பட்டோரின் அந்திரேயா’ என்ற பட்டப்பெயரையே பெற்றார். 1478இல் பொத்திச்செல்லியும் வரைந்தார். பிரான்செசுகோ சுஃபோர்சாவின் தந்தை முசியோவையும் ஒருகாலத்தில் இவ்வாறு வரைந்து இழிவு செய்தனர். தந்தைக்கு நேர்ந்த அவமானத்தின் வடிவத்தைப் பொற்றகட்டில் தீட்டிய சீட்டாக மைந்தன் கையில் வைத்து ஆடியிருக்கிறான். அவன் அதைப் பார்க்கும்போது என்ன எண்ணினான் என்பதைக் கவிஞர்களிடமே விட்டுவிடுகிறேன்.

பெண் போப்பு: என்னைப் பெரிதும் ஆட்கொண்ட சீட்டு இது. துறவாடை பூண்ட பெண்ணொருத்தி, தலையில் போப்பாண்டவர்க்கே உரிய மும்முடியும் கையில் நூலும் கொண்டு அரியணையில் வீற்றிருக்கிறாள். கத்தோலிக்க உலகில் இல்லாத, இருக்கவும் இயலாத ஒரு பதவி. யார் இவள்? திருச்சபையின் உருவகம் என்றும், விசுவாசம் என்னும் நற்பண்பின் உருவம் என்றும் கூறுவோர் உளர். நியூயார்க் பொது நூலகத்தைச் சேர்ந்த கெர்த்ரூத் மோக்லி என்னும் அம்மையார் 1966இல் வெளியிட்ட நூலில் வேறொரு விடை தந்தார். பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் மிலானில் குலியெல்மா என்னும் பெண்ணைத் தூய ஆவியின் அவதாரமாகப் போற்றிய சிறு குழு ஒன்று இருந்தது. இனி வரும் யுகத்தில் போப்பாண்டவரும் ஆயர்களும் பெண்களாகவே இருப்பர் என்பது அவர்தம் நம்பிக்கை. முதற் பெண் போப்பாக அவர்கள் தேர்ந்துகொண்டது மயிஃப்ரேதா என்னும் துறவியை; அவர் விசுகோந்தி குடிக்கு உறவினர். 1300ஆம் ஆண்டில் திருச்சபையின் விசாரணை மன்றம் அவரைத் தீயிலிட்டது. குலியெல்மாவின் எலும்புகளையும் கல்லறையிலிருந்து தோண்டி எடுத்து எரித்தனர். நூற்றைம்பது ஆண்டுகள் கழித்து, அக்குடியில் பிறந்த பியாங்கா மரியாவை மணந்தவனின் சீட்டுக்கட்டில் துறவாடையும் மும்முடியுமாய் அவரே எழுந்தருளியிருக்கிறார் என்பது மோக்லியின் துணிபு.

இதனை ஏற்கத்தான் என் மனம் அவாவுகிறது. எரித்து அழிக்கப்பட்ட ஒரு பெண்ணின் நினைவைக் குடும்பமொன்று விளையாட்டுப் பொருளில் ஒளித்துக் காத்தது என்பதைவிட அழகிய கதை ஏது? ஆயினும் அவ்வழகே என்னை எச்சரிக்கிறது. பெண் போப்புச் சீட்டு மிலான் கட்டில் மட்டும் இருந்தால் மோக்லியின் கருத்து வலுப்பெறும். அதுவோ விசுகோந்தி குடிக்குத் தொடர்பில்லாத பிற ஊர்க் கட்டுகளிலும் உண்டு. ஆகவே இதனைக் கருதுகோள் என்ற அளவில் நிறுத்துவதே முறை. நைல் நதியை நம்பி ஒருமுறை ஏமாந்தவள் நான்.

இவ்வளவிலும் குறி சொல்லுதல் எங்கே என்று அன்பர்கள் கேட்கலாம். எங்குமே இல்லை என்பதுதான் விடை. பதினைந்தாம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்த இலத்தீன் பிரசங்கம் ஒன்றில், துறவி ஒருவர் சூதாட்டத்தைக் கடிந்து, டாரோவின் படச்சீட்டுகள் அனைத்தையும் வரிசையாகப் பெயர் சொல்லித் திட்டுகிறார். அவை நரகத்தில் இறக்கும் ஏணியின் படிகளாம். போப்பையும் வானவரையும் கடவுளையும் சூதாட்டத்தில் இழுத்தனரே என்று பதறுகிறார். இவற்றைக் கொண்டு எவரேனும் எதிர்காலம் பார்த்திருந்தால் இவர் அதனை விட்டுவைத்திருப்பாரா? ஒரு சொல்லும் இல்லை. 1725இல் பொலோஞா நகரில் போப்பின் ஆளுநர் ஒரு புதுக்கட்டின்மீது சினந்து எழுந்தார். அதற்கும் காரணம் மாந்திரீகம் அன்று. போப்பின் ஆட்சிக்குட்பட்ட அந்நகரைக் கலப்பாட்சி உடையது என்று அச்சீட்டில் எழுதியிருந்ததே குற்றம்! அச்சினத்தின் விளைவாக அவ்வூர்க் கட்டில் போப்பு, பெண் போப்பு, பேரரசன், பேரரசி நால்வரும் நீங்க, நான்கு மூர் இனத்தவர் அவ்விடத்தில் அமர்த்தப்பட்டனர். டாரோவைக் கொண்டு குறி பார்த்ததற்கான முதற் சான்றும் அதே பொலோஞாவிலிருந்துதான் கிடைக்கிறது. 35 சீட்டுகளுக்குப் பொருள் எழுதிய ஒரு தாள், 1750ஐ ஒட்டியது. முந்நூறு ஆண்டுகள் டாரோ ஓர் ஆட்டமாக மட்டுமே இருந்தது. பிரான்சிலும் ஆசுத்திரியாவிலும் இன்றும் அது ஆட்டந்தான்.

எகிப்துக் கதையின் பிறப்பிடம் பாரிசு; ஆண்டு 1781. கூர் த கெபெலின் என்னும் சீர்திருத்தக் கிறித்தவ மதகுரு, பழமை ஆய்வில் மிகுவேட்கை கொண்டவர். ஒரு சீமாட்டியின் இல்லத்தில் டாரோ ஆடக் கண்டு, கால்மணி நேரத்தில் அப்படங்கள் எகிப்தியவை எனத் தெளிந்ததாகத் தாமே எழுதுகிறார். தோத் என்னும் எகிப்தியத் தெய்வத்தின் நூல், தீக்கிரையாகாமல் தப்பிச் சீட்டுக்கட்டாய் உருமாறி வாழ்ந்தது என்பது அவர் முடிபு. டாரோ என்ற சொல்லையே இரு எகிப்தியச் சொற்களாகப் பிரித்து ‘அரச பாதை’ எனப் பொருள் உரைத்தார். எகிப்திய எழுத்தை சம்போலியன் படித்தறிந்தது 1822இல். அதற்கு 41 ஆண்டுகள் முன்னரே இவர் எகிப்தியச் சொற்பிறப்பு கூறியிருக்கிறார்! தொங்குபவனை அவர் கையாண்ட விதம் இன்னும் சுவையானது. நற்பண்புகளுள் முன்னறிவு மட்டும் கட்டில் இல்லையே என எண்ணினார். ஒற்றைக்காலில் எச்சரிக்கையாய் நிற்கும் முன்னறிவின் படத்தைத்தான் அறிவிலிகளான சீட்டு அச்சிடுவோர் தலைகீழாகப் போட்டுவிட்டனர் என்று தீர்ப்பளித்து, படத்தையே நிமிர்த்தி அச்சிட்டுவிட்டார். கருத்துக்கு ஒவ்வாத சான்றைத் திருப்பி வைத்துக்கொள்ளும் இவ்வழக்கம் பிரெஞ்சுக்காரருக்கு மட்டும் உரியதன்று. குறியீடு பற்றிய முனைவர் பட்ட ஆய்வேடுகள் சிலவற்றை மதிப்பிட்ட அனுபவத்தில் சொல்கிறேன்.

அதன்பின் எல்லாம் விரைந்து நடந்தன. எத்தெய்யா என்று தம் பெயரைத் திருப்பி எழுதிக்கொண்ட அலியெத் என்பவர் 1785இல் டாரோவால் குறி பார்க்கும் நூல் எழுதினார்; எலிஃபாசு லேவி 1850களில் 22 படங்களையும் 22 எபிரேய எழுத்துகளோடு இணைத்து ஒரு பெரும் மாளிகை எழுப்பினார்; 1888இல் இலண்டனில் தோன்றிய ‘பொன் விடியல்’ என்னும் மறைஞானக் கழகம் அம்மாளிகையில் குடிபுகுந்தது. கவிஞர் யேட்சு 1890இல் அக்கழகத்தில் சேர்ந்தார். இம்மாளிகையின் அடித்தளத்தைத் தோண்டிப் பார்த்து, அது பதினெட்டாம் நூற்றாண்டுக் கற்பனை எனச் சான்றுகளோடு நிறுவியவர் ஆக்சுபோர்டின் மெய்யியலாளர் மைக்கேல் தமெத். அவரது பெருநூல் 1980இல் வெளிவந்தது. மொழி மெய்யியலில் பெரும்பெயர் பெற்ற ஒருவர் சீட்டாட்ட விதிகளுக்காக அறுநூறு பக்கத்துக்குமேல் செலவிட்டாரே என்று சிலர் நகைத்தனர். பொருள் என்பது யாது என வாழ்நாளெல்லாம் ஆராய்ந்தவர்க்கு, பொருளற்ற படங்களில் பொருள் ஏறிய விதத்தை ஆராய்வது புறம்பான வேலை அன்று என்றே எனக்குப் படுகிறது.

அவ்வாறாயின் பொய்யான வரலாற்றின்மீது எழுந்த கலையும் பொய்யா? இவ்வினாவை என்னிடம் நேராகவே கேட்டார் அவ்விளங்கவிஞர். என் பிழையை அவரிடம் சொன்னபோது சற்று நேரம் பேசாதிருந்தார். பின்னர், “வரலாற்றைத் திருத்திவிட்டீர்கள் அம்மா, கவிதையை என்ன செய்வது?” என்றார். உடனே விடை சொல்ல என்னால் இயலவில்லை.

எலியட்டைப் பார்ப்போம். 1922இல் நூலாக வந்த ‘பாழ்நிலத்தோடு’ சேர்த்த குறிப்புகளில், டாரோ கட்டின் சரியான அமைப்பைத் தாம் அறியார் என்றும், தம் வசதிக்கேற்ப மாற்றிக்கொண்டதாகவும் அவரே கூறிவிடுகிறார். குறிகாரி எடுக்கும் சீட்டுகளுள் மூழ்கிய மாலுமியின் சீட்டு எக்கட்டிலும் இல்லை. தொங்குபவனை அவர் ஃபிரேசரின் மானிடவியல் நூலில் வரும் தொங்கும் தெய்வத்தோடு பொருத்திக்கொள்கிறார். இத்தாலியத் துரோகியை அவர் கருதவே இல்லை. கவிதைக்கு ஊறு ஏதும் நேரவில்லை. இத்தாலோ கல்வினோ ‘குறுக்கிட்ட விதிகளின் கோட்டை’ என்னும் புனைவில் (முதற்பகுதி 1969, முழுநூல் 1973) இன்னும் ஒருபடி மேலே செல்கிறார். காட்டைக் கடந்து கோட்டைக்கு வந்த வழிப்போக்கர் அனைவரும் பேச்சிழந்து, சுஃபோர்சா சீட்டுகளை மேசையில் அடுக்கியே தத்தம் கதையைச் சொல்கின்றனர். ஒருவன் கதையில் போர்வாளாக நின்ற சீட்டு மற்றொருவன் கதையில் வேறாகிறது. சீட்டுக்குத் தனிப்பொருள் இல்லை. அடுத்திருக்கும் சீட்டே அதற்குப் பொருள் தருகிறது.

இருவரும் செய்ததற்கும் கெபெலின் செய்ததற்கும் வேறுபாடு உண்டு. எலியட்டும் கல்வினோவும் தாம் புனைவதைப் புனைவென்று அறிந்து புனைந்தனர்; கெபெலின் தம் புனைவை வரலாறு என்று விற்றார். நம் அகப்பாட்டின் உள்ளுறை, நிலத்துக்குரிய கருப்பொருளைக் களனாகக் கொண்டே பிறக்கும். தெய்வத்தை அதற்குக் களனாகக் கொள்ளலாகாது எனத் தொல்காப்பியர் விலக்குகிறார். யானையும் வேங்கையும் முதலில் யானையாகவும் வேங்கையாகவும் இருந்தாக வேண்டும். அதன் பிறகே அவை தலைவனும் தலைவியும் ஆகலாம். மணற்கடிகையை மணற்கடிகையாகக் கண்டவனே, அது விளக்கான விந்தையையும் காண இயலும். கவிதையை விட்டுவிடும்படி அவ்விளைஞரிடம் நான் சொல்லவில்லை. தொகுப்பில் சேர்க்கும்போது நைலை எடுத்துவிடுவதா வேண்டாவா என்பது அவர் முடிவு. அடிக்குறிப்பில் என் பெயரைச் சான்றாகக் காட்டியிருந்தார். அதை மட்டும் நீக்கிவிடச் சொன்னேன்.

இன்று உலகெங்கும் பெருவழக்கில் உள்ள டாரோ கட்டு 1909 டிசம்பரில் இலண்டனில் வெளிவந்தது. பதிப்பித்த ரைடர் நிறுவனத்தின் பெயராலும், திட்டம் வகுத்த ஆர்தர் எட்வர்டு வெயிட்டின் பெயராலும் அது ‘ரைடர்–வெயிட்’ கட்டு எனப்பட்டது. வெயிட் எகிப்துக் கதையை ஏற்காதவர் என்பதைச் சொல்லியாக வேண்டும். ஆனால் 78 படங்களையும் வரைந்தவர் பமேலா கோல்மன் சுமித். 1878இல் இலண்டனில் பிறந்து, இளமையில் சில ஆண்டுகளை சமைக்காவில் கழித்து, அத்தீவின் நாட்டார் கதைகளைத் தாமே தொகுத்துப் படம் வரைந்து 1899இல் வெளியிட்டவர். எலன் டெரியின் நாடகக் குழுவோடு ஊர் ஊராகச் சென்றவர். தாமே ஓர் இதழும் நடத்தியவர். பழைய கட்டுகளில் கிண்ணம் ஐந்து என்றால் ஐந்து கிண்ணங்கள் மட்டுமே இருக்கும். சுமித் அம்மையார் அங்கே கறுப்பு அங்கி போர்த்துத் தலைகுனிந்து நிற்கும் ஒருவரை நிறுத்தினார். மூன்று கிண்ணங்கள் கவிழ்ந்து கிடக்க, அவர் பின்னால் இரண்டு நிமிர்ந்து நிற்கின்றன. 40 எண் சீட்டுகளும் இவ்வாறு நாற்பது நாடகக் காட்சிகளாயின. மூன்று வாள்கள் துளைத்த இதயத்தின் படத்துக்கு, 1491ஐ ஒட்டிய ‘சோலா புசுகா’ என்னும் இத்தாலியக் கட்டில் முன்மாதிரி உண்டு. 1907இல் அதன் நிழற்படங்கள் பிரிட்டிசு அருங்காட்சியகத்துக்கு வந்தன. அம்மையார் அவற்றைப் பார்த்திருக்க வேண்டும். மூலக்கட்டை 2009இல் இத்தாலிய அரசு வாங்கி மிலானின் பிரேரா கலைக்கூடத்தில் வைத்தது.

ஏறத்தாழ ஆறு திங்களில் முடிந்த வேலை. பெரிய வேலை, மிகச் சிறிய கூலி என்று 1909 நவம்பரில் நியூயார்க்கில் இருந்த சுதீகலித்சுக்குக் கடிதம் எழுதினார். 1907இல் தம் ஓவியங்களைக் காட்சிக்கு வைத்த நண்பர் அவர். 1911இல் கத்தோலிக்கரானார். 1951இல் கார்ன்வாலின் பியூடு நகரில் கடனோடு மறைந்தார். கட்டின் பெயரில் அவர் பெயர் சேர நூற்றாண்டு நிறைவு வேண்டியிருந்தது. 2009இல் வெளிவந்த நினைவுப் பதிப்பு ஒன்று ‘சுமித்–வெயிட்’ என்னும் பெயர் தாங்கி வந்தது.

ஆனால் அவர் தம் பெயரை முதலிலேயே எழுதிவைத்திருந்தார். அன்பர்கள் எவரேனும் அக்கட்டைக் காண நேர்ந்தால் படத்தின் கீழ்மூலையைப் பாருங்கள். தரைப்புல்லோடும் கல்லோடும் கலந்து, பாம்பு வளைவதுபோல் ஒரு சிறு கோடு தெரியும். அதற்கு இன்ன பொருள் அன்ன பொருள் என்று விரித்தோர் இருக்கக்கூடும். அவரது மூன்று பெயர்களின் முதலெழுத்துகள் பின்னிய கையொப்பம் அது.